முப்பத்தைந்து நிமிஷம்

"இதை மாத்தாம இன்னும் கொஞ்ச நாள் ஓட்ட முடியாதா தம்பி?"

பார்சல் ஆபீஸ் கிளார்க் கேட்டதைக் கம்ப்யூட்டர் மெக்கானிக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மேஜைக்கு அடியில் குனிந்து, தூசி அப்பிய பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து டொக், டொக் என்று சத்தம் வந்தது.

"கேக்குதுல்லக்கா? ஹார்ட் டிஸ்க் சாகப்போற சத்தம். இன்னும் ஒரு வாரம் தாங்கினா பெரிய விஷயம். அப்புறம் உள்ள இருக்கற அத்தனை அட்ரஸும் அம்பேல்."

"மெஷினையே மாத்தலாம்னா, சீட்டு அடிக்கிற சாஃப்ட்வேர் வேற எதுலயும் ஓட மாட்டேங்குது," என்று கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து மேனேஜர் குரல் கொடுத்தார். "டிஸ்க்கையாவது புதுசா போடுப்பா. காலையில இது முழிச்சு எழுந்திரிக்கிறதுக்குள்ள எனக்கு வயசாயிடுது."

"எவ்வளவு நேரம் எடுக்குது சார்?"

"முப்பத்தஞ்சு நிமிஷம்! தினமும் தண்டம்!"

மெக்கானிக் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டான். இதைப்போய் யாராவது எழுதி வைப்பார்களா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

மேனேஜருக்குத் தண்டமாகப் போகிற அந்த முப்பத்தைந்து நிமிஷம்தான் அவளுடைய தூக்கம். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து எட்டு மாதமாகப் படுத்த படுக்கையாகக் கிடக்கும் கணவனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். ராத்திரி முழுக்க அலாரம், எழுந்திரு, புரட்டு, தலையணையை முட்டுக்கொடு, படு. கண் அசருவதற்குள் மறுபடி அலாரம். காலையில் சமைத்து, அவனைத் துடைத்துவிட்டு, நாத்தனாரிடம் ஒப்படைத்து, ஒன்பது மணிக்கு ஆபீஸ்.

பார்சல் வேன் பத்து மணிக்குத்தான் வரும். ஆனால் கம்ப்யூட்டர் ஓடினால் மேனேஜருக்குச் சும்மா இருக்கப் பொறுக்காது. நேற்றைய லிஸ்ட்டைச் சரிபார், போன வருஷத்து அட்ரஸைத் திருத்து என்று எதையாவது தோண்டி எடுப்பார். அது எழுந்திருக்காத நேரத்தில் மட்டும் அலுத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார். நடுவில் நின்றுபோனால் மறுபடி ஆன் பண்ண ஆள் வேண்டுமே என்று அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். மேஜையில் தலையைச் சாய்த்தால் அக்கடா என்று இருக்கும்.

மேனேஜர் குடோனுக்குப் போனதும், மானத்தை விட்டு இதையெல்லாம் மெக்கானிக்கிடம் சொன்னாள்.

"அந்த நேரமும் இல்லேன்னா நான் எங்கயாவது விழுந்துடுவேன் தம்பி."

"ம்," என்றான் அவன். "காலை எடுங்க. ஸ்க்ரூவை மிதிச்சிட்டு நிக்கறீங்க."

கல்லுளிமங்கன்! இவனிடம் போய் வாயைக் கொடுத்தோமே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனும் நாலு நாள் தூங்காதவன் மாதிரிதான் இருந்தான். அந்த ஞானமாவது இருக்க வேண்டாமா?

பழைய டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. மெக்கானிக் சுவிட்சைத் தட்டினான். டொக் டொக் இல்லை, முனகல் இல்லை. பதினைந்து செகண்டில் திரை பளிச்சென்று வந்து நின்றது.

"அடேங்கப்பா!" மேனேஜர் கையைத் தட்டினார். "இனிமே ஒன்பது மணிக்கு உட்கார்ந்தா ஒன்பது மணிக்கே வேலை. என்னம்மா?"

"ஆமா சார்," என்றாள்.

வேலை முடிந்தும் மெக்கானிக் கிளம்பவில்லை. அரைமணி நேரம் கீபோர்டில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னும் என்னப்பா?"

"சின்ன செட்டிங் சார். காலையில ஏதாவது ஓடிச்சுன்னா அதுபாட்டுக்கு ஓடட்டும். நடுவுல யாரும் கை வைக்கக் கூடாது. வச்சுக் கெடுத்துட்டு என்னைக் கூப்பிடாதீங்க."

அவளை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் கடனே என்று கம்ப்யூட்டரை ஆன் செய்தாள். வந்தது ஒரு நீலத்திரை. 'புதுப்பிக்கப்படுகிறது. மீதி 35 நிமிடம். எதையும் தொட வேண்டாம்.'

மேனேஜருக்குத் தலைக்கேறிவிட்டது. ஸ்பீக்கரில் மெக்கானிக்கைப் பிடித்தார். "என்னய்யா இது? புது டிஸ்க்கும் அதே லட்சணமா?"

"டிஸ்க்தானே சார் புதுசு? பெட்டி பழசுதானே? தினமும் அப்படித்தான் ஓடும். கை வச்சீங்கன்னா நான் பொறுப்பில்லை." கொட்டாவியோடு போனை வைத்துவிட்டான்.

"நல்ல ஆளைப் பிடிச்சேன்!" மேனேஜர் தலையிலடித்துக்கொண்டு டீ குடிக்கக் கிளம்பினார்.

அவளுக்கு நம்பவே முடியவில்லை. யார் செய்த புண்ணியமோ! மேஜையில் தலையைச் சாய்த்தாள். சாய்த்த வேகத்தில் முழங்கை கீபோர்டில் பட்டுவிட்டது.

போச்சு! பதறி நிமிர்ந்தாள்.

நீலத்திரை சட்டென்று மறைந்தது. அதற்குப் பின்னால் சீட்டு அடிக்கும் சாஃப்ட்வேர் எப்போதோ திறந்து தயாராக நின்றிருந்தது. ஓரத்தில், நேற்றுவரை இல்லாத ஒரு ஃபைல். அதன் பெயர்: 'தொடாதீங்கன்னு சொன்னேன்ல, இதை அமுக்கிட்டுப் பேசாம தூங்குங்கக்கா.'