புதன்கிழமைக்குச் சாமி இல்லை

பொன்னாயி இன்றைக்கும் விரதம் என்றதும் இளையபெருமாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நேத்து குருபகவான். இன்னிக்கி மதுரகாளியா? பொதங்கெழமைக்கு மட்டும் ஒரு சாமியும் சிக்கல போலருக்கு."

"ஆத்தா வாய்லயே போடுவா," என்று மனைவி குளிக்கப் போனாள்.

ஊரடங்கு தொடங்கி நாற்பது நாள். பெரம்பலூருக்கு பஸ் கிடையாது. சிறுவாச்சூர் மதுரகாளி கோயிலையே பூட்டியாயிற்று. ஆத்தாவே உள்ளே அடைபட்டுக் கிடக்க, அதுவரை விரதம் கிலோ என்ன விலை என்று கேட்டவளுக்குப் பக்தி பெருகிக்கொண்டே போனது.

பகலில் வெறும் மோர். ராத்திரி இரண்டு கவளம் சோறு. விரத நாளில் மாத்திரையைத் தொடக் கூடாது என்று ஒரு சட்டம் வேறு. யார் சொன்னது என்றால், அது அப்படித்தான் என்பாள்.

இருவருக்கும் சர்க்கரை. இருவருக்கும் ஒரே மாத்திரை. பஸ் நிற்பதற்கு முந்தின நாள்தான் பெரிய ஆஸ்பத்திரியில் ஆளுக்கு ஒரு மாதத்துக்கு வாங்கி வந்திருந்தார்கள்.

போன வருஷம் மாத்திரை விட்டுப்போய், வெங்காயக் கொல்லையில் அவர் மயங்கி விழுந்தார். அதிலிருந்து மாத்திரைக்கு அவள்தான் பொறுப்பு. சாப்பிட்டு முடித்ததும் உள்ளங்கையில் ஒன்று வந்து விழும். எங்கே வைத்திருக்கிறாள் என்றுகூட அவருக்குத் தெரியாது.

இவ்வளவு விரதம் இருப்பவளுக்கு விளக்கையாவது ஏற்றி வைப்போம் என்று எழுந்தார். தீப்பெட்டியைத் தேடி மதுரகாளி படத்துக்குப் பின்னால் கையை விட்டார்.

பிஸ்கட் டப்பா ஒன்று வந்தது.

உள்ளே ஆஸ்பத்திரிக் காகிதக் கவர்கள் இரண்டு. இளையபெருமாள் என்று எழுதியது காலியாக, நான்காய் மடிந்து கிடந்தது.

பொன்னாயி என்று எழுதியதில் எட்டு மாத்திரை.

அவள் ஈரத்தலையோடு வந்து சோறு போட்டாள். அவர் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இன்னிக்கி ஆத்தாவுக்கு நான் இருந்துக்கறேன். எல்லாச் சாமியையும் நீயே வளச்சுப் போட்டுக்கிட்டா எப்புடி? ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்குவோம்."

"என்னாங்க, திடீர்னு பக்தி பொத்துக்கிட்டு ஊத்துது?"

அவர் கண் சுவர்ப் பக்கம் போய் வந்தது. அவள் மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். மதுரகாளி படம் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

தட்டை இழுத்துச் சோற்றைப் பிசைந்தாள்.

அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் வலது கையை மூடியே வைத்திருந்தார். பிறகு, அவள் உள்ளங்கையில் ஒன்று வந்து விழுந்தது.