ஏடன் செடி

“வள்ளிக்கண்ணு, கையைக் கொடு. கண்ணுல ஒத்திக்கறேன்!”

முசிறி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அமிர்தம், மூட்டையைக்கூடக் கீழே வைக்காமல் பக்கத்து வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்ரீரங்கத்து வீட்டின் கொல்லையில், தொட்டியிலிருந்த ஏடன் செடி கிளைக்குக் கிளை ரோஸ் நிறத்தில் பூத்திருந்தது.

அரபு நாட்டு ஏடன் துறைமுகத்தில் வேலை பார்க்கும் மகன் வீரமலை போன லீவில் கொண்டுவந்த செடி அது. அதில் ஓர் இலை வாடினால் போதும், மகனுக்கு என்னமோ ஏதோ என்று அமிர்தம் பதறிப்போவாள். மகளைப் பிரசவத்துக்காக, முசிறியில் மருத்துவச்சியாக இருக்கும் அக்காவிடம் அழைத்துப் போனபோது இலையெல்லாம் பழுத்து, அடித்தண்டு கொழகொழவென்று ஆகியிருந்தது.

“ரெண்டு வேளையும் தண்ணி ஊத்து தாயே. என் பிள்ளை உசிரே அதுலதான் இருக்கு” என்று அழுதபடி கொல்லைச் சாவியை வள்ளிக்கண்ணுவிடம் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

“கோடை பூரா தண்ணி சுமந்து, போன உசிரைத் திருப்பிக் கொண்டாந்திருக்கியே!”

“ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா.” வள்ளிக்கண்ணு கையை உருவிக்கொண்டாள்.

இந்த லீவுக்கு வந்து, அம்மாவோடு கூட வந்திருந்த வீரமலை தொட்டி மண்ணைக் கிளறிப் பார்த்துச் சிரித்தான்.

“தண்ணியா? வெறும் புழுதியா இருக்கு. இது பாலைவனச் செடிம்மா. காவேரிக்கரைக்காரி, நீதான் குடம் குடமா ஊத்தி அழுக வெச்சே. நான் சொன்னா கேட்டியா? சித்தி ஊத்தாம விட்டதாலதான் பிழைச்சுது. எப்படிச் சித்தி தெரிஞ்சுது உங்களுக்கு?”

வள்ளிக்கண்ணு குனிந்து உதிர்ந்த பூக்களைப் பொறுக்கத் தொடங்கினாள்.

“கைராசிடா! வேறென்ன?” என்ற அமிர்தம், மகளிடமிருந்து பேத்தியை வாங்கி வள்ளிக்கண்ணுவின் கையில் கொடுத்தாள். “நாளைக்கு இவளைத் தொட்டில்ல நீதான் முதல்ல போடணும். எவ என்ன சொன்னாலும் சரி.”

வள்ளிக்கண்ணு பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். சந்தோஷம் தாங்கவில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள்.

மகளின் வளைகாப்புக்குத் தெருவையே அழைத்த அமிர்தம், பிள்ளை பெறாதவள் என்று தன்னை மட்டும் விட்டுவிட்ட ஆத்திரத்தில், ‘காஞ்சு கருகிச் சாகட்டும்’ என்று பூட்டிய அந்தக் கொல்லைக் கதவை வள்ளிக்கண்ணு இன்றைக்குத்தான் திறந்திருந்தாள்.