ஐந்து விரல் மேடு

பல் டாக்டரின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கும் தரைக்கும் நடுவே சரியாக நாலு விரல் இடைவெளி. ரோட்டில் புதிது புதிதாக முளைத்த சிமென்ட் மேடுகளின் உயரம் சரியாக ஐந்து விரல்.

ஒரு மாதத்தில் நாலு மேடு. அவர் வீட்டிலிருந்து கிளினிக் வரைக்கும் பள்ளங்களுக்கு ஏற்கெனவே பஞ்சமில்லை. எங்கே ஆழம், எங்கே விரிசல் என்று நோயாளியின் சொத்தைப் பற்களைப் போல ஒவ்வொன்றும் டாக்டருக்கு மனப்பாடம். வேகத்தைக் குறைக்காமல் பள்ளத்துக்குப் பள்ளம் வளைத்து ஒடித்துப் பறப்பதில்தான் அவருக்கு ஆனந்தமே. "மெதுவாப் போங்க" என்று தினமும் வாசலில் நின்று மனைவி சொல்வது காதில் ஏறியதே இல்லை. மெதுவாகப் போகிறவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது அவர் கட்சி.

பள்ளத்தை வளைத்துப் போகலாம். ரோடு முழுக்க நீட்டிப் படுத்திருக்கும் மேட்டை என்ன செய்வது? இப்போதெல்லாம் ஒவ்வொரு மேட்டிலும் நின்று, ஸ்டியரிங்கை ஒடித்து, ஒரு சக்கரத்தை ஏற்றி, இன்னொன்றை இறக்கி, குறுக்குவாட்டில் ஊர வேண்டியிருந்தது. அப்படியும் அடியில் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். தன் கடைவாய்ப் பல்லையே யாரோ ராவுவது போல டாக்டருக்குக் கூசும். சைக்கிள்காரர்கள் மணியடித்துவிட்டு முந்திப் போனார்கள்.

சந்தேகமெல்லாம் தெருமுனை மெக்கானிக் மேல்தான். 'கர்ர்ர்' கேட்ட மறுநிமிஷம் ஜாக்கியும் கையுமாக வந்து நிற்பான். "டாக்டர், அடியில ஒரு தடவை பாத்துடலாமா?" என்பான், முகமெல்லாம் சிரிப்பாக. காருக்கு அடியில் எத்தனை விரல் என்பது அவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

மேடுகள் முளைத்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில், டாக்டர் வெளியூர்ப் பல் முகாமுக்குப் போயிருக்கும்போது. அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும், "கவனிக்கலையே டாக்டர்" என்று தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். நகராட்சியில் கேட்டால், "எங்ககிட்ட சிமென்ட் இருந்தா பள்ளத்தையே மூடியிருப்போமே சார்" என்றார்கள்.

"அந்த மெக்கானிக் பாவங்க. பிள்ளைகுட்டிக்காரர். அவர் போட்டிருக்க மாட்டார்," என்றாள் மனைவி.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே."

டாக்டர் மூஞ்சியெல்லாம் பார்க்கவில்லை. திங்கட்கிழமை நேராக ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டிருந்தார். அதனால் எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் சிமென்டில் கொண்டுவந்து நிறுத்துவார். மெக்கானிக்கை வரவழைத்து அதட்டிப் பார்த்தார்.

"என் கடைய மூடிட்டா குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துடும் சார். நான் ஸ்பேனர் பிடிக்கிறவன். சிமென்ட்டத் தொட்டதே இல்ல," என்று அவன் கண் கலங்கினான்.

அவனை அனுப்பிவிட்டு இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "நேத்து புது மேடு ஏதாவது விழுந்திருக்கா?"

"என் வீட்டு வாசல்லயே சார்."

"அப்ப கவலைய விடுங்க. புதுசாப் போட்ட சிமென்ட்டுக்கு ஒரு வாரம் காலையும் சாயங்காலமும் தண்ணி விடணும். இல்லேன்னா வெடிச்சுடும். இவ்வளவு மெனக்கெட்டுப் போட்டவன் வெடிக்க விடுவானா? கட்டாயம் தண்ணி விட வருவான். கையும் களவுமா அமுக்கிடலாம். பொது ரோட்டை மறிச்ச கேஸ், ஆளை உள்ள வெச்சுடலாம்."

"யாரா இருந்தாலும் விடக் கூடாது சார். சமாதானத்துக்கெல்லாம் நான் வர மாட்டேன்."

"வீட்லகூட மூச்சு விடாதீங்க. பேச்சு வெளிய போயிடும்."

மறுநாள் காலை ஆறு மணி. இன்னும் இறுகாத புது மேட்டைத் தாண்டி வண்டியை எடுக்க வழியில்லாததால், தினமும் போகிற ஷட்டில் ஆட்டத்துக்கு அன்று நடந்தே போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார் டாக்டர். நாலு வீடு தள்ளி நின்ற இன்ஸ்பெக்டரின் பழைய காருக்குள் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தார்.

பத்து நிமிஷத்தில் மெக்கானிக் வந்தான். கையில் ஒரு வாளித் தண்ணீர்.

"நான் சொன்னேன்ல சார்," என்று டாக்டர் இன்ஸ்பெக்டரின் தோளைப் பிடித்தார்.

மெக்கானிக் மேட்டருகே வந்தான். நின்றான். ஈரத்தில் கால் படாமல் பதனமாகத் தாண்டிப் போய், தன் ஷெட் வாசலில் தண்ணீரைத் தெளித்துப் பெருக்க ஆரம்பித்தான். டாக்டருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அப்போது டாக்டர் வீட்டு கேட் திறந்தது. தோட்டத்து ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள். மேட்டின் மேல் சாக்கை விரித்து, ஓரம்கூட விடாமல் நிதானமாகத் தண்ணீர் பிடித்தாள். எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கு வந்தவர், பார்த்தும் பார்க்காதவர் போல உள்ளே போய்விட்டார்.

"ஆள் மாட்டியாச்சு," என்று இன்ஸ்பெக்டர் இறங்கக் கதவைத் திறந்தார். "யார் சார் இந்தம்மா? உங்களுக்கு ஆகாதவங்களா?"

டாக்டர் எட்டி, திறந்த கதவை மெதுவாகச் சாத்தினார்.

"போன வருஷம் இதே வண்டி கவிழ்ந்து நான் மூணு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, ராப்பகலா என் பக்கத்துலயே உக்காந்திருந்தவ சார்."