பக்கத்து வீடு

எனக்கு ஜப்பானில் வேலை கிடைத்ததிலிருந்து என் மனைவி வீடு முழுக்கக் கான்ஜி என்ற ஜப்பானிய எழுத்துச் சீட்டுகளை ஒட்டுகிறாள். தரையில் ‘நிலம்’, கதவில் ‘வாசல்’. ஒருநாள் என் சட்டை முதுகில் ‘குடும்பம்’. அதோடு அலுவலகம் போய் மானம் கப்பலேறியது. ஒட்டியதும் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவாள். அப்போதுதான் மனதில் பதியுமாம்.

இன்று படுக்கையறைச் சுவரில் புதிதாக ஒன்று இருந்தது.

“இது என்னது?”

போனில் தேடிப் பார்த்தாள். “‘பக்கத்து வீட்டுக்காரர்’னு போட்டிருக்கு. நான் ஒட்டலைங்க. அந்தப் பாடத்துக்கே இன்னும் வரலை.”

எங்களுடையது நான்காம் மாடியின் கடைசி வீடு. அந்தச் சுவருக்கு அப்பால் வெட்டவெளிதான்.

பிய்த்துக் கசக்கினேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ டேப்பை இழுத்துக் கிழித்தார்கள். பிறகு இரண்டு தட்டு.