தாக நடை

செம்மணல்விளைத் தேரிக்காட்டில் சுற்றுலாப் பெருமக்களுக்குப் பிடித்த விளையாட்டு தாக நடை. குளிரூட்டிய சட்டை மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் மணலில் நடப்பார்கள். முடிவில் பேச்சிக்கனியின் வாசலில் நின்று தண்ணீர் கேட்பார்கள். "இல்லியே ராசா" என்று கைவிரிப்பதுதான் அவள் வேலை. சம்பளம், நாளுக்கு ஒரு குடம் தண்ணீர்.

அன்று ஒருவன் உதட்டில் வெடிப்பு வரைந்துகொண்டு வந்திருந்தான். அதை நிஜமென்று நம்பி, வீட்டுக்கு வந்தவனுக்குக் கொடுக்கிற பழக்கத்தில் ஒரு செம்பு நீட்டிவிட்டாள். முழுக்கக் குடித்தான். பிறகு செயலியில் ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதினான்: "இங்கே தண்ணீர் இருக்கிறது. ஏமாற்று வேலை."

தாக நடையின் மேலாளர் செல்வின் வந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

"ஐயா, பிள்ளைக்கு வச்சிருக்கேன்!"

"நாளைலருந்து 'இல்லியே'ன்னு சொல்றப்போ நீங்க பொய் சொல்லவே வேண்டாம்க்கா," என்றார் கனிவாக.