ஒரு கேள்வி அதிகம்

காசிமேட்டில் புயல் சங்கு அலறியது. எந்தப் படகு கரை சேர்ந்தது என்று காட்டும் இணையதளத்தை எல்லாரும் ஒரே நேரத்தில் திறக்க, அது திணறியது. அதை உருவாக்கிய ஷாலுவைத் தேடிப் படகுச் சங்க அலுவலகத்துக்கே பெண்கள் வந்துவிட்டார்கள்.

"இன்னாம்மே, உன் கம்ப்யூட்டரும் கடலுக்குப் பூட்ச்சா? என் வூட்டுக்காரர் இன்னும் வர்ல!" என்றாள் சொக்கம்மாள்.

"தோ, ரெண்டு நிமிசம்க்கா."

கோளாறு புரிந்தது. 'வந்துவிட்டதா?' என்று ஒவ்வொரு படகுக்கும் தளம் டேட்டாபேஸிடம் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. எல்லாப் படகுகளையும் ஒரே கேள்வியில் கேட்கும்படி ஷாலு மாற்றினாள். பக்கம் சட்டென்று திறந்தது. சொக்கம்மாள் வீட்டுப் படகு கரை சேர்ந்திருந்தது.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் இன்னும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. போன வருடம் கடலுக்குப் போய்த் திரும்பாத அண்ணன் அன்புமணியின் படகுக்கான கேள்வி. அந்தப் படகைப் பட்டியலிலிருந்து அப்போதே அவளே அழுதுகொண்டே நீக்கியிருந்தாள். கேள்வி ஓட ஓட, பக்கம் மறுபடி திணறியது. வாசலில் இன்னும் பல பெண்கள் நின்றிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அதை நிறுத்தினாள்.

மேசைமேல் இருந்த வயர்லெஸ் கரகரத்தது.

"இன்னா ஷாலு, அண்ணனை மட்டும் கேக்கறத வுட்டுட்ட? நான் வந்துகினுதானே கீறேன்!"