கை தூக்காதவர்

கண்ணாடிக் கதவுக்கு வெளியே சக்கர நாற்காலியை நிறுத்திவிட்டு, உள்ளே யார் யார் கை உயர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள் அவள்.

சத்தம் வெளியே வராது. உதடுகள் அசைவது மட்டும் தெரியும்.

தடகளச் சங்கத்தின் நிர்வாகக் குழு அது. வருடத்துக்கு ஒரு வீரரையோ வீராங்கனையையோ 'எதிர்கால நிர்வாகி' என்று தேர்ந்தெடுத்து, எல்லாக் கூட்டங்களிலும் சுவரோரமாக இருக்கச் சொல்வார்கள். பார்க்கலாம், கேட்கலாம், கற்றுக்கொள்ளலாம். வாய் மட்டும் திறக்கக் கூடாது. வருடக் கடைசியில் ஒரு சான்றிதழ், ஒரு குரூப் போட்டோ, ஒரு டாட்டா.

பயிற்சி முடித்த ஒருவர்கூட இதுவரை மேஜைக்கு வந்ததில்லை. உட்கார்ந்தவர்களில் யாராவது எழுந்தால்தானே?

இந்த வருடம் அவள். சக்கர நாற்காலிப் பந்தய வீராங்கனை. இன்று அவளுக்குக் கடைசிக் கூட்டம்.

அடுத்த கூட்டத்தில் புதிய உள்ளரங்கத்தின் வரைபடம் முடிவாகிறது. உடை மாற்றும் அறையின் கதவில் அவள் சக்கரம் நுழையாது. டீ நேரத்தில் சொல்லிப் பார்த்தாள். "எழுதிக் குடும்மா" என்றார்கள். எழுதிக் கொடுத்தாள். அதோடு சரி.

மேஜையில் இருந்தால்தான் எடுபடும்.

அதற்குத்தான் இன்று தலைவி தீர்மானம் கொண்டுவந்து, அவளை வெளியே இருக்கச் சொன்னார். புதிதாக ஒருவரைச் சேர்க்க எல்லோரும் கை தூக்க வேண்டும். ஒரு கை குறைந்தாலும் போச்சு.

அந்த ஒரு கை யாருடையது என்பது ஆபீஸுக்கே தெரியும்.

கோல்கீப்பர்.

அந்தக் காலத்தில் அவர் நீளம் தாண்டியவர். எந்தத் தீர்மானம் வந்தாலும் பாய்ந்து தடுப்பதால் இந்தப் பெயர். விதி விதி என்று உயிரை வாங்குவார். பொருளாளரின் மச்சான் கம்பெனி ஒரு டெண்டரில் வந்தபோது, "சொந்த விஷயத்துக்கு ஓட்டுக் கிடையாது, கையைக் கீழ போடுங்க" என்று மேஜையைத் தட்டியவர்.

போன கூட்டத்தின் டீ நேரத்தில் அவளிடமும் சொல்லிவிட்டார். "மேஜையைச் சுத்தி இன்னொரு நாற்காலி போட இடம் இல்லம்மா."

"நாற்காலி நானே கொண்டு வந்திருக்கேன் சார். இடம்தான் கேக்கறேன்."

அவர் சிரிக்கவில்லை. அவள் சக்கரத்தையே பார்த்தபடி பிஸ்கட்டைக் கடித்தார்.

"எல்லாரும் தூக்கிட்டாங்கடி!" காலி டம்ளர்களோடு பக்கத்தில் நின்ற ஆபீஸ் அக்கா குதித்தாள்.

"கோல்கீப்பர் தூக்கலக்கா."

அவர் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொருளாளர் அவரைப் பார்த்து ஏதோ சொல்ல, மேஜையே சிரித்தது. அவர் மட்டும் கண்ணாடிக் கதவு வழியாக அவளையே பார்த்தார்.

ஏன் இப்படிப் பார்க்கிறார்?

பேனாவை மூடிச் சட்டையில் செருகினார். எழுந்தார்.

"கோவிச்சுக்கிட்டுக் கிளம்பறார் போல. போய்த் தொலையட்டும்" என்று அக்கா முணுமுணுத்தாள்.

ஆனால் அவர் கதவுப் பக்கம் வரவில்லை. குனிந்து எதையோ இழுத்தார். எதை என்று பார்ப்பதற்குள் தலைவி கதவைத் திறந்தார்.

"உள்ள வாம்மா."

சான்றிதழ் வாங்கி, போட்டோவுக்குச் சிரிக்க வேண்டும். முகத்தைச் சரிசெய்துகொண்டு, வழக்கம்போலச் சுவரோரமாகத் திருப்பினாள்.

வழியில்லை. அவளுடைய இடத்தில் ஒரு நாற்காலி. அதில் கோல்கீப்பர்.

திரும்பிப் பார்த்தாள். மேஜையின் நடுப்பக்கத்தில் ஒரு நாற்காலி அகலத்துக்கு வெறும் தரை.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஏன் சார் கை தூக்கல?"

பொருளாளர்தான் முந்திக்கொண்டார். "அவர் காலி பண்ற இடம், அவர் சொந்த விஷயமாச்சே! கையைக் கீழ போடுங்கன்னு நான்தான் சொன்னேன். எத்தனை நாள் ஆசை!"

அவள் கோல்கீப்பரையே பார்த்தாள்.

அவர் உதட்டில் விரலை வைத்தார்.

சுவரோரம் இருப்பவர்கள் பேசக் கூடாது.